ஐரோப்பிய ஒன்றியம்: எங்கே ஒரே குரல், எங்கே இருபத்தேழு குரல்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 மே மாதம், ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கின் சுங்க வரியைக் குறைக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை இலங்கைக்குத் திரும்பக் கிடைத்தது. கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியம். ஜெர்மனியோ பிரான்சோ தனியாகக் கொடுக்கவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2023இல், இலங்கையின் வெளிக்கடனை மறுசீரமைப்பதற்காகக் கடன் கொடுத்த நாடுகள் ஒரு குழு அமைத்தன. இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து அதற்கு இணைத்தலைமை வகித்தது பிரான்ஸ். அந்தத் தலைமையில் ஒன்றியத்துக்கு இடமில்லை.

ஒரே ஐரோப்பா ஓரிடத்தில் ஒற்றை ஆளாகவும் இன்னோரிடத்தில் தனித்தனி ஆட்களாகவும் வருவது ஏன்? நம் ஊர்ப் பின்னலாடையும் மீனும் கடனும் இதில் மாட்டிக்கொண்டிருப்பதால், இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடே இல்லையே. நாடுகள் சேரும் அமைப்பில் அது எப்படி உறுப்பினராகிறது?

இரண்டு விஷயம் கூடிவர வேண்டும். ஒன்று, அந்த உலக அமைப்பின் சாசனம் நாடு அல்லாத ஒன்றைச் சேர்க்க இடம்தர வேண்டும். இரண்டு, உறுப்பு நாடுகள் அந்தத் துறையில் தங்கள் அதிகாரத்தை ஒன்றியத்திடம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

உலக வர்த்தக அமைப்பில் இரண்டும் பொருந்தின. 1995இல் அது தொடங்கிய நாளிலிருந்தே ஒன்றியம் உறுப்பினர். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, ஒன்றியத்தைச் சேர்ப்பதற்காகவே தன் சாசனத்தைத் திருத்தி 1991இல் உறுப்பினராக்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் சாசனமோ நாடுகளை மட்டுமே ஏற்கிறது. அதனால் அங்கே ஒன்றியம் உறுப்பினர் இல்லை.

சாசனத்தைக்கூடத் திருத்திவிடலாம் என்பதற்கு உணவு வேளாண்மை அமைப்பே சாட்சி. உறுப்பு நாடுகள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பதுதான் உண்மையில் கடினம்.

உலக வர்த்தக அமைப்பில் 27 நாடுகளும் உறுப்பினர், ஒன்றியமும் உறுப்பினர். அப்படியானால் 28 ஓட்டா?

இல்லை, 27தான். ஒன்றியத்துக்கும் அதன் நாடுகளுக்கும் சேர்த்து, நாடுகளின் எண்ணிக்கைக்கு மேல் ஓட்டு போகக்கூடாது என்று அந்த அமைப்பின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நடைமுறையில் அங்கே ஓட்டெடுப்புக்கே வேலையில்லை. எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் முடிவாகிறது. பழைய ஆவணங்களைப் புரட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2009 நவம்பர் வரை அங்கே அதன் பெயர் 'ஐரோப்பியச் சமூகங்கள்'. இந்தியா தொடுத்த பழைய வழக்குகளில் எதிராளியின் பெயர் அப்படித்தான் இருக்கும்.

வர்த்தகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஒற்றுமை?

ஒற்றுமை உணர்ச்சியால் வந்ததில்லை இது, சுங்கச்சாவடியால் வந்தது. 1968 ஜூலையில் அன்றைய ஆறு உறுப்பு நாடுகளும் தங்களுக்குள் சுங்க வரியை ஒழித்து, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே வரி என்று வைத்தன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் பெட்டி அதன்பின் மறுபடி வரி கட்டாமல் ஜெர்மனியின் மியூனிக் போகலாம். அப்படியிருக்கும்போது ஜெர்மனி ஒரு வரியும் நெதர்லாந்து ஒரு வரியும் பேரம் பேச முடியாது. வரி ஒன்றென்றால் பேசுபவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

வசூலாகும் சுங்க வரியும் ஒன்றியத்தின் கஜானாவுக்கே போகிறது. 2021 முதல் வசூல் செலவுக்கென்று 25 சதவீதத்தை உறுப்பு நாடு வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும்.

சரக்கு தாண்டி சேவைகள், அறிவுசார் சொத்துரிமை என்று வந்தபோது தகராறு கிளம்பியது. 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம், அவற்றில் பெரும்பகுதி ஒன்றியத்துக்கும் நாடுகளுக்கும் பொதுவான அதிகாரம் என்று கருத்துரைத்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் அவற்றையும் பெரும்பாலும் ஒன்றியத்திடமே கொடுத்துவிட்டது. இப்போது ஜெனீவாவில் நடக்கும் உலக வர்த்தக அமைப்பின் கூட்டங்களில் உறுப்பு நாடுகளின் தூதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேசுவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் பிரதிநிதி.

ஆணையம் தன் இஷ்டத்துக்குப் பேசலாமா?

முடியாது. பேச்சுவார்த்தையைத் தொடங்கவே உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் அனுமதி தர வேண்டும். நாடுகளின் வர்த்தக அதிகாரிகள் கொண்ட குழு ஒன்று நடுநடுவே ஆணையத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். முடிவில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.

1992இல் வேளாண் மானியம் பற்றி அமெரிக்காவோடு ஆணையம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தபோது, எங்கள் விவசாயிகளை விற்றுவிட்டீர்கள் என்று பிரான்ஸ் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு அந்த உடன்பாட்டின் சில பகுதிகளைத் திரும்பப் பேச வேண்டியதாயிற்று. 2016 அக்டோபரில், பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியாவின் சட்டமன்றம் மறுத்ததால் கனடாவோடான ஒப்பந்தக் கையெழுத்தே தள்ளிப்போனது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பலவீனமாகத் தெரியும். எதிரே உட்கார்ந்து பேரம் பேசியவர்களுக்குத்தான் இதன் பலம் தெரியும். "இதற்கு மேல் இறங்கினால் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று ஆணையம் சொன்னால், அது பொய்யில்லை என்று எதிராளிக்கும் தெரியும். 27 நாடுகளிடம் கேட்டுக் கேட்டுச் செதுக்கிய நிலைப்பாட்டை அசைப்பது லேசான வேலையில்லை.

இந்தியா இந்த ஒற்றைக் குரலோடு மோதியிருக்கிறதா?

நன்றாகவே மோதியிருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒரு தமிழ்ப் பெயரும் அதில் உண்டு.

2001 நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடினார்கள். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறை எளிதாக்கல் என்ற நான்கையும் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் முனைந்து நின்றது. 1996இல் சிங்கப்பூர் மாநாட்டில் எழுந்தவை என்பதால் இவற்றுக்கு 'சிங்கப்பூர் விவகாரங்கள்' என்று பெயர். ஒன்றியத்தின் சார்பில் பேசியவர் அதன் வர்த்தக ஆணையர் பாஸ்கல் லாமி. எதிரே இந்திய வணிக அமைச்சராக முரசொலி மாறன். வளரும் நாடுகள் பல ஒவ்வொன்றாக இறங்கிவந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மாநாடு ஒரு நாள் நீண்டது. கடைசியில், உறுப்பினர்கள் வெளிப்படையாக ஒருமித்துச் சம்மதித்தால்தான் இந்த நான்கிலும் பேச்சுவார்த்தை தொடங்கும் என்று மாநாட்டுத் தலைவர் விளக்கம் படித்த பிறகே இந்தியா ஒத்துக்கொண்டது. 2004இல் நான்கில் மூன்று கைவிடப்பட்டன. மாறன் அதைப் பார்க்க இல்லை. 2003 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கட்சி அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த ஒரு வாரம் அவர் காட்டிய உறுதி நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

வழக்குமன்றத்திலும் மோதல் உண்டு. 1997இல் இந்தியா உள்ளிட்ட மூன்று நாடுகளின் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது ஒன்றியம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. இயல்பான விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கணக்கிட்ட விதத்தில்தான் வில்லங்கம். குறைந்த விலைக்குப் போன ரகங்களைக் கணக்கில் எடுத்தார்கள். கூடுதல் விலைக்குப் போன ரகங்களை ஈடுகட்ட விடாமல் பூஜ்ஜியம் என்று போட்டார்கள். இது செல்லாது என்று இந்தியா வாதாடி 2001இல் மேல்முறையீட்டிலும் வென்றது. பிற்பாடு அமெரிக்காவின் இதே கணக்கை எதிர்த்து ஒன்றியமே வழக்குப் போட்டது.

இலங்கையின் ஜிஎஸ்பி பிளஸ்ஸுக்கும் இந்தியாவின் வழக்குக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. போதைப்பொருள் கடத்தலை எதிர்த்துப் போராடும் நாடுகள் என்று ஒன்றியம் 12 நாடுகளுக்குத் தனிச் சலுகை கொடுத்துவந்தது. 2002இல் பாகிஸ்தான் அந்தப் பட்டியலில் வந்ததும் இந்திய ஜவுளிக்கு அடி. இந்தியா வழக்குத் தொடுத்தது. வளரும் நாடுகளுக்குள் வேறுபாடு காட்டலாம், ஆனால் அளவுகோல் புறவயமாக இருக்க வேண்டும், தகுதியுள்ள எவரும் நுழையும்படி இருக்க வேண்டும், பூட்டிய பட்டியல் கூடாது என்று 2004இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது.

பழைய பட்டியலுக்குப் பதிலாக 2005இல் ஒன்றியம் உருவாக்கியதுதான் ஜிஎஸ்பி பிளஸ்: மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல் உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் ஏழை நாடு விண்ணப்பித்துப் பெறலாம். அதே ஆண்டு இலங்கை பெற்றது. குடியியல் அரசியல் உரிமை, சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளையும் சரிவர நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் அது பறிபோனது. போரின் கடைசி மாதங்களில் நடந்தவற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காரணங்களை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சலுகை போனதன் சுமை, ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள் மீதும்தான் விழுந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலுணவிலும் இதே கதைதான். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 தொடக்கத்தில் இலங்கை மீனுக்கு ஒன்றியம் தடை போட்டு 2016இல் நீக்கியது. பிரான்ஸ் வேண்டாமென்றால் இத்தாலியில் விற்கலாம் என்ற வழியே இல்லை. கதவு அடைத்தால் மொத்தமாக அடைபடும்.

சர்வதேச நாணய நிதியத்தில் மட்டும் ஏன் சிதறிக் கிடக்கிறார்கள்?

நிதியத்தில் 191 உறுப்பு நாடுகள். அன்றாட முடிவுகளை எடுக்கும் இயக்குநர் சபையிலோ 25 பேர்தான். அதனால் பெரும்பாலான நாடுகள் குழுவாகச் சேர்ந்து ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்கும் ஒரே குழு. வழக்கமாக இந்தியர் ஒருவர் இயக்குநர். 2023 மார்ச்சில் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் மேசைக்கு வந்தபோது, இலங்கைக்காகப் பேசும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இந்தியா. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

ஐரோப்பாவுக்கு வருவோம். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் தனி நாற்காலி. ஸ்பெயின் மெக்சிகோவோடும் மத்திய அமெரிக்க நாடுகளோடும் இருக்கிறது. அயர்லாந்து இருப்பது கனடாவும் கரீபியத் தீவுகளும் உள்ள குழுவில். போலந்து சுவிட்சர்லாந்தோடும் மத்திய ஆசிய நாடுகளோடும் சேர்ந்திருக்கிறது. இத்தாலியின் குழுவில் கிரேக்கமும் போர்ச்சுகலும்.

27 நாடுகளின் ஓட்டுகளைக் கூட்டினால் மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வரும். அமெரிக்காவுக்கு இருப்பது சுமார் 16.5 சதவீதம். அப்படியென்றால் ஐரோப்பாதான் பெரிய சக்தியா? கணக்கில் ஆம், நடப்பில் இல்லை. ஓர் இயக்குநர் தன் குழுவின் ஓட்டைப் பிரித்துப் போட முடியாது. கனடாக்காரர் ஒரு பக்கம் சாய்ந்தால் அயர்லாந்தின் ஓட்டும் கூடவே சாயும். முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத ஓட்டு வேண்டும் என்பதால் அமெரிக்கா தன்னந்தனியாகத் தடுத்துவிடலாம். ஐரோப்பா தடுக்க வேண்டுமானால் முதலில் ஒன்றுகூட வேண்டும். அதற்காக வாஷிங்டனில் ஐரோப்பியப் பிரதிநிதிகள் தங்களுக்குள் கூடிப் பேசுகிறார்கள். பிரஸ்ஸல்ஸிலும் ஒரு துணைக்குழு இருக்கிறது. ஆனால் அங்கே எட்டும் முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

யூரோ ஒரே நாணயம்தானே. அப்புறம் ஏன் ஒரே நாற்காலி இல்லை?

நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஆணையமே 2015 அக்டோபரில் இதைக் கேட்டது. 2025க்குள் யூரோ நாடுகளுக்கு ஒரே பிரதிநிதி வேண்டும் என்று திட்டம் வைத்தது. நடக்கவில்லை. 1999 முதல் ஐரோப்பிய மத்திய வங்கி அங்கே பார்வையாளராக இருக்கிறது, ஓட்டில்லாமல்.

நாணயத்தை விட்டுக்கொடுத்த நாடுகள் கஜானாவை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். நிதியத்துக்குப் போகும் பணம் ஒவ்வொரு நாட்டின் பணம். கொடுத்தவர் உட்காரவும் விரும்புகிறார். தனி நாற்காலியின் கௌரவத்தை பெர்லினும் பாரிஸும் விடுவதாயில்லை. யூரோவில் சேராத டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளை எங்கே வைப்பது என்ற சிக்கல் வேறு.

இன்னொரு சுவையான விதி: அதிகப் பங்கு (நிதியத்தில் ஒவ்வொரு நாடும் போட்டிருக்கும் மூலதனம்) வைத்திருக்கும் உறுப்பினரின் மண்ணில்தான் நிதியத்தின் தலைமையகம் இருக்க வேண்டும் என்கிறது அதன் சாசனம். ஐரோப்பா ஒரே உறுப்பினராகி இன்றைய பங்குகளை அப்படியே கூட்டிக்கொண்டால் வாஷிங்டன் அலுவலகம் கடல் கடக்க வேண்டியிருக்கும்.

சிதறிக் கிடந்தாலும் ஐரோப்பாவுக்கு அங்கே செல்வாக்கு இல்லாமல் இல்லையே?

உண்மை. 1946இல் பெல்ஜியத்தின் கமீல் குட் முதல் 2019இல் பொறுப்பேற்ற பல்கேரியாவின் கிறிஸ்டலினா ஜார்ஜீவா வரை நிர்வாக இயக்குநர்கள் எல்லோரும் ஐரோப்பியர்களே. எந்தச் சாசனத்திலும் இது எழுதியில்லை. உலக வங்கி அமெரிக்காவுக்கு, நாணய நிதியம் ஐரோப்பாவுக்கு என்ற எழுதாத ஏற்பாடு.

2010 மே மாதம் கிரேக்கத்துக்கு நிதியம் கொடுத்த கடன் அந்நாட்டின் பங்கைப் போல் 32 மடங்கு. வழக்கமான வரம்பைத் தாண்டிக் கொடுப்பதற்காக விதியையே அப்போது மாற்றினார்கள். இலங்கைக்கு 2023இல் கிடைத்தது அதன் பங்கைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கிரேக்கத்தின் பங்கு அதன் பொருளாதாரத்துக்கு மிகச் சிறியதாக இருந்தது என்பதையும், அங்கே யூரோவே ஆட்டம் கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் 32க்கும் 4க்கும் நடுவிலுள்ள தூரம் உறுத்துகிறது. ஐரோப்பா சில நாற்காலிகளை விட்டுக்கொடுத்து ஒரே குரலாக வருவது அதற்கும் நல்லது, இடம் கிடைக்காமல் நிற்கும் நாடுகளுக்கும் நல்லது.

ஜி-7, ஜி-20?

இவை சாசனம் இல்லாத கூட்டங்கள், அதனால் நுழைவது எளிது. ஜி-7இல் 1977 லண்டன் மாநாட்டிலிருந்து ஐரோப்பிய ஆணையத் தலைவர் கலந்துகொள்கிறார். 'ஏழு' என்ற எண்ணிக்கையில் ஒன்றியம் சேராது. சுழற்சித் தலைமையும் அதற்கு இல்லை. 2014இல், அதுவரை எட்டாவது உறுப்பினராக இருந்த ரஷ்யாவை விலக்கியதால் அங்கே நடக்கவிருந்த சோச்சி மாநாடு ரத்தாகி, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் நடந்தது. ஜி-20இல் ஒன்றியம் முழு உறுப்பினர். கூடவே ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி தனித்தனி உறுப்பினர்கள். ஸ்பெயின் நிரந்தர விருந்தினர்.

உணவுத் தரத்தை நிர்ணயிக்கும் கோடெக்ஸ் ஆணையத்தில் யார் ஓட்டுப் போடுவது?

ஒன்றியம் 2003 முதல் அங்கே உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு, நிகழ்ச்சிநிரலில் எந்த விஷயத்துக்கு ஒன்றியம் பேசும், எதற்கு நாடுகள் பேசும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றியம் ஓட்டுப் போட்டால் நாடுகள் போடக்கூடாது. நாடுகள் போட்டால் ஒன்றியம் போடக்கூடாது.

2023இல் ஆப்பிரிக்க ஒன்றியமும் ஜி-20இல் சேர்ந்தது. அதுவும் இதே மாதிரிதானா?

இடம் ஒன்றுதான், அதிகாரம் வேறு. 2023 செப்டம்பர் 9 அன்று டெல்லி மாநாட்டில் 55 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினரானது. அதுவரை அந்தக் கண்டத்திலிருந்து தென்னாப்பிரிக்கா மட்டுமே உறுப்பினர். மிகவும் தாமதமாகக் கிடைத்த நியாயம் அது.

ஆனால் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குப் பொதுச் சுங்க வரி இல்லை, பொது நாணயம் இல்லை. அதன் தலைவர் பதவி ஆண்டுதோறும் ஒரு நாட்டுத் தலைவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த கண்டம் தழுவிய தடையற்ற வர்த்தகப் பகுதி உள்வணிகத்துக்கானது. வெளியுலகத்துக்கு ஒரே வரி என்ற நிலைக்கு அது இன்னும் வரவில்லை. 2024 நவம்பரில் நாணய நிதியத்தின் இயக்குநர் சபையில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கு மூன்றாவது நாற்காலி கிடைத்ததுகூட நாடுகளின் குழுவுக்குத்தான், ஒன்றியத்துக்கு இல்லை.

ஆசியான், சார்க்?

ஆசியான் ஜெனீவாவில் கூடிப் பேசி நிலைப்பாட்டை ஒத்திசைத்துக்கொள்ளும். உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் இல்லை. சார்க் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடத்தவில்லை.

திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஒன்றியத்தோடு பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

பொருள்குவிப்பு விசாரணை என்றால் நேராக ஐரோப்பிய ஆணையத்திடமே போகலாம், போயாக வேண்டும். விசாரணை அறிவிப்பு ஒன்றியத்தின் அரசிதழில் வரும். குறித்த கெடுவுக்குள் தன்னைப் பதிவு செய்து, கேள்விப் படிவத்தைக் கணக்குகளோடு நிரப்பிக் கொடுத்தால் தன் நிறுவனத்துக்கென்று தனி வரிவிகிதம் கேட்கலாம். ஒதுங்கியிருந்தால் கையில் கிடைத்த தகவலை வைத்து வரி போடுவார்கள். அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். முடிவு தவறென்றால் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் நிறுவனமே வழக்குத் தொடுக்கலாம்.

உலக வர்த்தக அமைப்புக்குப் போவதென்றால் இந்திய அரசு மூலமாகத்தான். அங்கே இப்போது ஒரு முட்டுக்கட்டை. புதிய நீதிபதிகள் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமர்வு இயங்கவில்லை. தோற்றவர் மேல்முறையீடு என்று சொன்னால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். கைபேசி உள்ளிட்ட பொருட்களின் சுங்க வரி தொடர்பாக ஒன்றியம் தொடுத்த வழக்கில் 2023இல் இந்தியா அப்படித்தான் செய்தது. ஒன்றியமும் வேறு சில நாடுகளும் 2020இல் தங்களுக்குள் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. படுக்கை விரிப்பு வழக்கை மேல்முறையீட்டில் வென்ற அந்தப் பாதை இன்று நம் ஏற்றுமதியாளர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதனால் ஆணையத்தின் அந்தக் கேள்விப் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுப்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.